நடை வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள்



ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஹேண்டில்பார் மாற்றி, புதுப்பேட்டையில் சைலன்சர் தேடி, வெல்டிங் பட்டறையில் சீட்டைக் குட்டையாக்கி, புல்லட்டோ கிளாசிக்கோ எதுவானாலும் அதை ஊரில் இன்னொன்று இல்லாதபடி ஆக்கி வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். ஆல்டர் பண்ணுவதே தப்பு என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. அதற்கு உங்கள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், சிக்னலில் வெள்ளைச் சட்டைக்காரரும் இருக்கிறார். ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நானும் உயரமான ஹேண்டில்பார் போட்ட பழைய புல்லட்தான் ஓட்டுகிறேன், அதனால் இதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை.

என் கேள்வி வேறு. உங்கள் வண்டி மெதுவாகப் போகுமா?

மெதுவாக என்றால் முப்பது, நாற்பது அல்ல. நடந்து போகிறவரின் வேகம், மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ஒடுக்கிய சாலையில் முன்னால் மாநகரப் பேருந்து, இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, வலப்பக்கம் தகரத் தடுப்பு என்று மாட்டிக்கொள்ளும்போது போகிற வேகம். அந்த வேகத்தில் காலைத் தரையில் ஊன்றாமல், வண்டி குலுங்காமல், நூறடி போக முடியுமா?

ஞாயிறு விடியற்காலை ஈ.சி.ஆரில் நீங்கள் கும்பலாகப் போவதைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. அதே கும்பல் யூ டர்ன் எடுக்கிற இடத்தில்தான் கதை மாறுகிறது. இரண்டு காலையும் தொங்கவிட்டு, தரையைத் தொட்டுத் தொட்டு, நடுச்சாலையில் ஒருமுறை நின்று, பின்னால் தள்ளி, மறுபடி ஒடித்து, பின்னால் வருகிற காரின் ஹாரனுக்குக் கையைக் காட்டி... எண்பதில் போகும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சாய்ந்தால் முன்சக்கரம் தானாகவே சாய்ந்த பக்கம் திரும்பி வண்டியை நிமிர்த்திக்கொள்ளும். வேகம் பத்துக்குக் கீழே இறங்கினால் அந்த உதவி ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பிறகு வண்டியை நிமிர்த்தி வைப்பது உங்கள் கையும், பட்டறையில் நடந்த வேலையும்தான். ஆல்ட்ரேஷன் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்க நூறைத் தொடுவது பரீட்சையே இல்லை. நடை வேகத்தில் ஓட்டினால் ஒரு குறையும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது.

சிக்னலில் நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி உறுமவிடுவதை வெறும் கெத்து என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும், பாதிப் பேர் வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாதே என்றுதான் முறுக்குகிறீர்கள்.

ஏன் ஆஃப் ஆகிறது? ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினீர்கள், உள்ளே தடுப்பே இல்லாத சைலன்சர் போட்டீர்கள். பிக்கப் எகிறும் என்றார்கள். இன்ஜினுக்குக் காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. அந்தக் குறையைக் கை முதலில் உணர்வது ஆக்சிலேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்த நிலையில். அந்த இடத்தில் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டுக்கு வேலையே கிடையாது, ஸ்லோ ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும்தான் தீனி போடுகின்றன. பட்டறைக்காரர் ரொம்பச் சிரத்தை எடுத்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்குவார். ஸ்லோ ஜெட் பக்கம் பெரும்பாலும் யாரும் போவதில்லை. அதனால் வண்டி நெடுஞ்சாலையில் பறக்கும், தெருவுக்குள் வந்தால் திக்கித் திக்கிப் போகும், இழுத்து இழுத்து விடும்.

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும். ஆனால் எந்த கார்புரேட்டர் என்று முதலில் பாருங்கள். 2020-க்கு முந்தைய கிளாசிக் 350-இல் இருப்பது சி.வி. வகை. அதன் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டரில் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கும், வெளியே திருப்பினால் காற்று கூடும், அதாவது பெட்ரோல் குறையும். இரண்டும் நேர் எதிர். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்துவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். ஸ்க்ரூவை உள்ளே போகும் வரை மெல்ல இறக்குங்கள், இறுக்காதீர்கள், முனை நசுங்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டுக் கால் கால் சுற்றாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் கொஞ்சம் ஏறி ஒரே சீராக நிற்கும். அதுதான் இடம். அதன் பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சி.வி. கார்புரேட்டரில் மூன்று சுற்றுக்கு மேல் போயும், அல்லது மிக்கார்பில் முழுக்க உள்ளே இறக்கியும் அந்த இடம் வரவில்லை என்றால் ஸ்லோ ஜெட்டே சிறிது என்று அர்த்தம். ஒரு அளவு பெரியதை வாங்கிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சி.வி. கார்புரேட்டரின் பிஸ்டன் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் ஏறி இறங்குகிறது. கூம்பு ஃபில்டர் அந்தக் காற்றோட்டத்தைக் கலைத்துவிட்டால் எந்த ஜெட்டும் உதவாது. நகரத்துக்குள் ஓட்டுகிறவர்கள் பழைய ஃபில்டர் டப்பாவைத் திரும்ப மாட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2020-க்குப் பிறகு வந்த கிளாசிக்குகளில் இந்த ஸ்க்ரூ இல்லை, எல்லாம் இ.சி.யு. என்ற கணினியின் கையில். சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அது பெட்ரோலை அளக்கிறது. புது சைலன்சரை மாட்டும்போது கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் ஏமாந்து பெட்ரோல் குறைவு என்று சொல்லும், இ.சி.யு. அள்ளி ஊற்றும். இன்னொன்று, ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடினால் இ.சி.யு. பெட்ரோலை நிறுத்திவிடும், திரும்பத் திறக்கும்போது ஒரு வெட்டு வெட்டும். ஊர்ந்து போகையில் நீங்கள் உணரும் குலுக்கலில் இதற்கும் பங்குண்டு. ஆக்சிலேட்டரை மயிரிழையாவது திறந்தே வைத்திருங்கள். வேகத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் கேபிள். இந்த மடலில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். உயரமான ஹேண்டில்பார் போட்டுவிட்டுப் பழைய கேபிளையே இழுத்து மாட்டியிருப்பார்கள். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. யூ டர்னில் ஹேண்டில்பாரைக் கோடி வரை ஒடித்ததும் கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் தானாகத் திறக்கும். நீங்கள் கையை அசைக்கவே இல்லை, வண்டி பாய்கிறது. பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடிக்கிறீர்கள். முன்சக்கரம் திரும்பிய நிலையில் இருப்பதால் வண்டி அப்படியே சரிகிறது. ஏறக்குறைய 190 கிலோ, தொடையில். ‘சும்மா இருந்த வண்டி திடீரென்று இழுத்துவிட்டது’ என்று சொல்கிறவர்களில் சிலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சோதிப்பது சுலபம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் இம்மியும் மாறக் கூடாது. மாறினால் அன்றைக்கே நீளமான கேபிள் வாங்குங்கள். கிளட்ச் கேபிளையும் விடாதீர்கள். லீவர் நுனியில் இருக்கும் சிறு தொய்வு இரண்டு கோடியிலும் அப்படியே இருக்க வேண்டும்.

கஃபே ரேசர் ஆசையில் கிளிப்-ஆன் ஹேண்டில்பார் போட்டவர்களுக்குச் சங்கடம் வேறு மாதிரி. டேங்கில் இடிக்கிறது என்று ஸ்டாப்பரில் ஒரு சொட்டு வெல்டிங் வைத்து ஒடியும் அளவையே குறைத்திருப்பார்கள். முன்பு ஒரே மூச்சில் திரும்பிய தெருவில் இப்போது இரண்டு தடவை பின்னால் தள்ள வேண்டும். உடம்பின் கனம் முழுக்க மணிக்கட்டில் இறங்குவதால் ஆக்சிலேட்டர் தொட்டாற்சிணுங்கியாகிவிடும், ஒவ்வொரு குழிக்கும் ஒரு முறுக்கு. முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்துக் கைகளை விடுவியுங்கள். முன் ஃபோர்க்கை நீட்டிப் படுக்க வைத்தவர்களுக்கு, மெதுவாகத் திருப்பும்போது சக்கரம் சொன்னதைவிட அதிகமாக ஒரு பக்கம் விழுந்து தொலைக்கும். அது அந்த அமைப்பின் பிறவிக் குணம், பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங்கை, அதாவது கோன் செட்டை, பலர் மறந்துவிடுகிறார்கள். ஹேண்டில்பார் மாற்றிய கையோடு அதை இறுக்கி வைத்தால் வண்டி ஊர்ந்து போகையில் நேராக நிற்காமல் இப்படியும் அப்படியும் அலையும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை ஒரு விரலால் தள்ளுங்கள். தானாகச் சரிந்து கோடிக்குப் போக வேண்டும். நடுவில் தட்டி நின்றால் கோன் செட் போய்விட்டது. பெரிய டயரைப் பற்றி ஒரே வரி: பார்க்க அழகு, திருப்ப பாரம்.

இனி ஸ்ப்ராக்கெட். முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் போனால் ஒரு வேகம் வருமே, அதுதான் உங்கள் வண்டியின் அடிமட்டம். ஒரு 350 சிசி வண்டிக்கு அது ஏறக்குறைய 7, 8 கிலோமீட்டர் இருக்கும். அதற்குக் கீழே போக வேண்டும் என்றால் கிளட்ச் இல்லாமல் முடியாது. நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தாமல் ஓட வேண்டும் என்று முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுகிறீர்கள். 15 பல் இருந்த இடத்தில் 16 வந்தால் எல்லாக் கியரும் கிட்டத்தட்ட 7 சதவீதம் நீளும். முதல் கியருக்கும் அதே கதிதான். பின்னால் ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்தப் பழைய 15 பல் எங்கே போனது என்று தேடுவீர்கள்.

மெதுவாகப் போக முடியாதது புல்லட்டுக்கு வரவேண்டிய குறையே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 1950-களில் திருவொற்றியூரில் இந்த வண்டியைப் பூட்டத் தொடங்கியபோது அதன் முதல் வாடிக்கையாளர்கள் ராணுவமும் போலீசும். சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் நீளம் என்று நீண்ட ஸ்ட்ரோக், அதற்கேற்ற கனமான ஃப்ளைவீல். ஐடிலிங்கில் 1,000 ஆர்.பி.எம். என்றால் ஒற்றை சிலிண்டர் விநாடிக்கு எட்டுத் தடவைதான் அடிக்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வண்டியைக் கொண்டுசெல்வது அந்த ஃப்ளைவீலின் கனம்தான். குடியரசு தின அணிவகுப்பில் ராணுவ சிக்னல்ஸ் பிரிவின் டேர்டெவில்ஸ் அணி புல்லட்டுகளின் மேல் ஆள் மேல் ஆளாகக் கோபுரம் கட்டிக்கொண்டு ஊர்வல வேகத்தில் போவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டியைத்தான் ‘ரெஸ்பான்ஸ் வேண்டும்’ என்று சொல்லி ஃப்ளைவீலைக் கடைசல் பிடித்து இளைக்க வைக்கிறார்கள் சிலர். இதைச் செய்யாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் உங்கள் கையில்.

‘ஆஃப் கிளட்சில் ஓட்டாதே, பிளேட் தீய்ந்துவிடும்’ என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். ஐம்பதில் போகும்போதும் லீவரில் விரலைச் சாய்த்து வைத்திருக்கிறவருக்கு அது சரியான புத்திமதி. நடை வேகத்தில் ஆஃப் கிளட்ச்தான் வண்டி ஓட்டுகிற முறையே. நம் வண்டிகளில் கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது, கொஞ்ச நேர வழுக்கலைத் தாங்கும். ஆக்சிலேட்டரைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு வழுக்கவிட்டால்தான் தீயும். கார் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினாலும் பிளேட் வழுக்கத் தொடங்கிவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லீவரை விடும்போது முதலில் ஒன்றும் நடக்காது. ஓரிடத்தில் பிளேட் பிடிக்கத் தொடங்கும், இன்ஜின் சத்தம் ஒரு பிடி தாழும். அதிலிருந்து முழுதாகப் பிடிக்கும் இடம் வரை ஒரு விரல் கனம்தான் தூரம், வித்தை முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. லீவரை அங்கே நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை ஐடிலிங்குக்கு ஒரு சொட்டு மேலே வைத்து அப்படியே மறந்துவிடுங்கள். வேகம் கூட வேண்டுமானால் லீவரைக் காகித அளவு விடுங்கள், குறைய வேண்டுமானால் காகித அளவு பிடியுங்கள். வலது மணிக்கட்டு அசையவே கூடாது. இன்ஜினின் அடிகள் சக்கரத்துக்குப் போகாமல் வழுக்கலிலேயே கரைந்துவிடும். திக்கல் நின்றுவிடுவது உங்களுக்கே தெரியும்.

கூடவே வலது பாதம் பின் பிரேக்கை லேசாக, சக்கரம் தேய்வது தெரியும் அளவுக்கு மட்டும், அழுத்தியபடி இருக்கட்டும். ஒரு பக்கம் இன்ஜின் இழுக்க, மறுபக்கம் பிரேக் பிடிக்க, நடுவில் செயின் எப்போதும் விறைப்பாக நிற்கும், தொய்ந்து தொய்ந்து அடிக்காது. வேகத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது என்றேனே, அது இதுதான். பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டான ரியர்-செட் போட்டவர்கள் பிரேக் பெடலைப் பாதத்துக்கு ஏற்ற உயரத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பலருடையதில் காலைத் தூக்கினால்தான் பெடல் கிடைக்கிறது. செயின் தொய்வையும் பின்சக்கரக் கப்ளிங் ரப்பரையும் இதே சாக்கில் பார்த்துவிடலாம். ரப்பர் உளுத்துப்போன வண்டியில் எந்த வித்தையும் பலிக்காது. முன் பிரேக்கில் மட்டும் விரலே வேண்டாம், முக்கியமாக ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். இந்த வேகத்தில் அது தலையிடாது.

திரும்பும்போது வேகமாகப் போகையில் செய்வதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். வண்டி உள்பக்கம் சாயட்டும், உடம்பு வெளிப்பக்கம் நிமிரட்டும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் கனத்தை ஏற்றுங்கள். தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்பிப் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன் டயரைப் பார்த்தீர்களோ, அங்கேயே விழுவீர்கள்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள்தானே எல்லோரும்? அதோடு எட்டைத் தலைமுழுகிவிட்டோம். ஜப்பானில் லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரு பலகை உண்டு. 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரம். பெரிய வண்டிக்காரர் அதைக் கடக்கப் பத்து விநாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும், 400 சிசி வரையிலான வண்டிக்கு ஏழு விநாடி. சீக்கிரம் போனால் மதிப்பெண் போகும், விழுந்தால் பரீட்சையே போகும். பத்து விநாடி என்றால் மணிக்கு 5.4 கிலோமீட்டர். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நடை வேகம்.

நமக்கும் இது புதிதல்ல. பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைக்காத ஊர் உண்டா? கால் ஊன்றினால் அவுட், கடைசியில் வருகிறவருக்கு எவர்சில்வர் குடம். வருகிற பொங்கலுக்கு உங்கள் கிளப்பில் அதையே வண்டியில் வையுங்கள். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு பார்க்கிங் இடத்தில் உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பால் 15 மீட்டருக்கு இரண்டு கோடு, நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி. அந்தப் பக்கம் ஒரு யூ டர்ன், திரும்பி வருவதற்கு இன்னொரு கோடு. ஹெல்மெட்டும் ஷூவும் கட்டாயம். ஆக்சிலேட்டரை உறுமவிட்டால் ஐந்து விநாடி கழித்துக்கொள்ள வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காய்கறி மூட்டை கட்டி எக்ஸ்எல் ஓட்டுகிற அண்ணன் யாராவது ஒருவரையும் கூப்பிடுங்கள். முதல் வருடக் குடம் அவருக்குத்தான் போகும் என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்களுடன் அதே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்
ஒரு பழைய புல்லட்காரன்